கணக்குக்குப் பயந்து எச்ஆர் எடுக்கலாமா?

கேள்வி: மேடம், நான் பிபிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த ஆண்டு ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், எச்ஆர் (மனிதவள மேலாண்மை) மூன்றில் ஒன்றைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டும். எனக்கு எல்லோரோடும் நன்றாகப் பழக வரும்; கணக்கு என்றால் பயம். அதனால் எச்ஆர் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் அப்பா, "ஆள் எடுப்பதற்கும் லீவு கணக்கு பார்ப்பதற்கும் ஒரு படிப்பா?" என்கிறார். சீனியர்களோ எம்பிஏ முடிக்காமல் எச்ஆரில் வேலையே கிடைக்காது என்கிறார்கள். இந்த செமஸ்டரில் வந்த அறிமுகப் பாடமும் வரையறைகளை மனப்பாடம் செய்வதாகத்தான் இருந்தது. எடுக்கலாமா, வேண்டாமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

எடுக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு காரணங்களையும் ஓரமாக வைத்துவிட்டு எடுங்கள். பழக வரும், கணக்கு வராது என்ற இரண்டை மட்டும் நம்பி இந்தத் துறைக்குள் வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

பழகும் குணத்தை முதலில் பார்ப்போம். எச்ஆர் வேலையில் கணிசமான பகுதி, யாருக்காவது பிடிக்காத ஒன்றை முடிவு செய்வதும் அதை அவரிடமே சொல்வதும்தான். ஒரு பணியிடத்துக்கு ஐம்பது பேர் விண்ணப்பித்தால் நாற்பத்தொன்பது பேருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும். கேட்ட சம்பள உயர்வு இந்த ஆண்டு கிடையாது என்று சொல்ல வேண்டும். புகார் வந்தால் இரண்டு தரப்பையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டு, யார் சொன்னதை எந்த ஆதாரத்தைக் கொண்டு நம்பினோம் என்று எழுதிவைக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் மாதிரி அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்தப் பிரிவை மூடப் போகிறார்கள் என்பதுகூடச் சில சமயம் முன்பே காதில் விழுந்துவிடும். எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது பெரிய தண்டனை. நான் மதிக்கும் எச்ஆர்காரர்களில் பலர் அதிகம் பேசாதவர்கள். பொறுமையாகக் கேட்பார்கள், கேட்டதைத் தெளிவாக எழுதுவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் கணக்கு. இங்கே கணக்கு இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் சராசரியாக 200 பேர் வேலை பார்த்தார்கள். அந்த ஆண்டில் 30 பேர் விலகினார்கள். விலகல் விகிதம், நாங்கள் சொல்லும் அட்ரிஷன், 15 சதவீதம். "இது அதிகமா, குறைவா?" என்று மேலாளர் கேட்பார். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 30 பேரில் 18 பேர் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் போனவர்கள் என்று தெரிந்தால், நேர்காணலில் நாம் சொன்னதும் அவர்கள் வந்து பார்த்ததும் ஒன்றாக இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். அந்த 18 பேரில் 12 பேர் ஒரே மேற்பார்வையாளரிடம் இருந்தவர்கள் என்றால் சந்தேகம் அவர் பக்கம் திரும்பும். ஆனால் புதிதாக வருபவர்களை எல்லாம் அவரிடம்தான் அனுப்புகிறார்களா என்று பார்க்காமல் அவர் தலையில் பழியைப் போடவும் கூடாது. போனவர்கள் ஐந்தாறு ஆண்டு அனுபவசாலிகள் என்றால் கதை வேறு. வெளியே சம்பளம் ஏறிவிட்டதா, உள்ளே பதவி உயர்வு அடைபட்டுக் கிடக்கிறதா என்று தேட வேண்டும். இதில் கூட்டல், வகுத்தல், சதவீதம் தாண்டி எதுவும் இல்லை. எதை எதால் வகுப்பது, எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்ற நிதானம்தான் தேவை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழுவில் சம்பளம் 20, 20, 22, 24, 64 ஆயிரம். சராசரி 30 ஆயிரம். ஆனால் ஐந்தில் நான்கு பேர் 30-ஐத் தொடவே இல்லை. நடுவில் இருப்பவரின் சம்பளமான 22-தான் அந்தக் குழுவின் நிலைமையை உண்மையாகச் சொல்கிறது. "எங்கள் சராசரிச் சம்பளம் 30 ஆயிரம்" என்று ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் போட்டால் பொய் இல்லை. படிப்பவர் ஏமாறுவார், அவ்வளவுதான். சராசரி, இடைநிலை, சதவீதம், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது), ஓர் ஆய்வு அட்டவணையைப் படித்துப் புரிந்துகொள்வது, எக்செல். இளங்கலை அளவில் இவ்வளவு போதும். உங்கள் பயம் பள்ளியில் பார்த்த வகைநுண்கணிதத்தின் மேல் இருந்தால், அது இங்கே வராது.

மனப்பாடம் பற்றி நீங்கள் சொன்னது நியாயமான புகார். ஆனால் குறை பாடத்தில் இல்லை, அதைக் கற்றுக்கொடுக்கும் முறையில். மனிதத் தேவைகளைப் பற்றி எழுதிய உளவியலாளர் மாஸ்லோ என்றதும் பிரமிடு வரைந்து ஐந்து படிகளை எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. அதைப் பிற்பாடு வேறு ஆட்கள் வரைந்தார்கள். ஒரு தேவை முழுவதும் நிறைவேறினால்தான் அடுத்தது தலைதூக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. படம் மனதில் நின்றுவிட்டது, கட்டுரை மறந்துவிட்டது.

ஹாதோர்ன் ஆய்வுகள் இதைவிட ருசியானவை. சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கி 1930-களின் ஆரம்பம் வரை நடந்தவை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, ஏனென்றால் தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே தொழிலாளர்களுக்கு உற்சாகம் தந்தது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். 2011-இல் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்த வெளிச்சச் சோதனையின் பழைய தரவைத் தேடி எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். புத்தகங்கள் சொல்லும் அந்த நேர்த்தியான கதை அதில் பெரும்பாலும் தென்படவில்லை. ரிலே என்ற மின் பாகத்தைப் பொருத்தும் அறையில் சில பெண்களைத் தனியே வைத்து நடத்திய இன்னொரு பகுதி உண்டு. மனிதத்தன்மையோடு நடத்தினால் உற்பத்தி பெருகும் என்பதற்கு அதைத்தான் எல்லோரும் சான்று காட்டுவார்கள். 1928 ஜனவரியில் அங்கிருந்த இரண்டு பெண்களை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று வெளியே அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பல புத்தகங்கள் சொல்வதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு "ஹாதோர்ன் விளைவு - சிறுகுறிப்பு வரைக" என்ற கேள்விக்கு உங்கள் பதில் மாறாதா?

வேலையில் ஊக்கம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1959-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, வேலையில் மிக மகிழ்ந்த நேரத்தையும் வெறுத்த நேரத்தையும் சொல்லச் சொன்னது. மகிழ்ச்சிக்குக் காரணம் சாதனை, அங்கீகாரம். வெறுப்புக்குக் காரணம் மேலதிகாரி, நிறுவன விதிகள் என்று வந்தது. நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் பிறரால் என்று சொல்வது மனித இயல்புதானே, அதைத்தான் இவர் அளந்துவிட்டாரோ என்று பிறகு வந்தவர்கள் கேட்டார்கள். எந்தக் கோட்பாடு வந்தாலும் யாரிடம் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், யார் மறுத்தார்கள் என்று மூன்றையும் தேடிப் பாருங்கள். மனப்பாடம் தானாகக் குறைந்துவிடும். மதிப்பெண் குறையாது, திருத்துபவருக்கும் ஒரே மாதிரி பதில்களைப் படித்துச் சலித்திருக்கும்.

இனி, இந்தப் படிப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. அப்பா சொன்ன "ஆள் எடுப்பது"தான் இது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் உட்கார்ந்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பது போல இருக்கும். உண்மையில் இதை நூறாண்டுகளாக அளந்துகொண்டிருக்கிறார்கள். 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகளுக்கு அவர்களின் மேலதிகாரிகள் கொடுத்த மதிப்பெண்களைப் பார்த்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை எல்லாம் ஒன்றோடொன்று நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. ஒரு குணம் பிடித்துவிட்டால் மற்றதற்கும் அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். இன்றும் இன்டர்வியூ அறைகளில் இதுதான் நடக்கிறது. நல்ல கைகுலுக்கல், தெளிவான பேச்சு, முடிந்தது கதை.

1998-இல் ஃப்ராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் திரட்டி, எந்தத் தேர்வு முறை பிற்காலப் பணித்திறனை எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறது என்று ஒட்டுறவு எண்ணால் பட்டியலிட்டார்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. எத்தனை ஆண்டு அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. எல்லா வேலை விளம்பரங்களும் முதல் வரியில் அதைத்தான் கேட்கின்றன! 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் சிலரும் அந்தக் கணக்கில் ஒரு திருத்தம் அளவுக்கு மீறிச் செய்யப்பட்டிருக்கிறது என்று காட்டி மறுபடி கணித்தார்கள். பல எண்கள் இறங்கின. 1998 பட்டியலில் 0.51 வாங்கியிருந்த பொது அறிவுத்திறன் சோதனை 0.31-க்கு வந்தது. கட்டமைத்த நேர்காணல் 0.42-ஓடு பட்டியலின் உச்சிக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர்கள் சொல்லிவந்த எண் மாறிவிட்டது. எச்ஆர் வரையறைகளின் பாடம் என்று நினைக்கும் யாரிடமும் நான் இதைத்தான் சொல்வேன்.

பாரபட்சமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 5,000. தகுதிகள் ஒரே தரம். பெயர்கள் மட்டும் வேறு. 2004-இல் வெளியான முடிவின்படி, வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. சரி, மனிதனை நீக்கிவிட்டு இயந்திரத்திடம் கொடுத்தால்? அமேசான் முயன்று பார்த்தது. பத்து ஆண்டு விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றுவித்த அதன் கருவி, ரெஸ்யூமேயில் பெண்களைக் குறிக்கும் சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது என்றும், அத்திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. பழைய தேர்வுகளில் ஆண்கள் அதிகம். கருவி அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. ஏஐ வந்தால் எச்ஆர் வேலை போய்விடுமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். லீவு கணக்கு போகும். இந்த மாதிரிக் கோணலைக் கண்டுபிடிப்பவர் தேவைப்படுவார்.

அப்பாவின் சந்தேகம் முழுக்கத் தவறல்ல. பல நிறுவனங்களில் எச்ஆர் என்பது இன்னமும் வருகைப் பதிவும் பிறந்தநாள் கேக்கும்தான். அங்கே மாட்டிக்கொண்டால் அவர் சொன்னது பலித்துவிடும். ஆனால் துறையின் எல்லை அது இல்லை. 1995-இல் மார்க் ஹியூசலிட், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, தேர்வு, பயிற்சி, ஊக்கத்தொகை இவற்றைச் சேர்த்து ஒழுங்காகச் செய்யும் இடங்களில் விலகல் குறைவு, உற்பத்தித்திறனும் லாபமும் அதிகம் என்றார். நல்ல எச்ஆரால் லாபம் வந்ததா, லாபம் வந்ததால் நல்ல எச்ஆருக்குச் செலவு செய்ய முடிந்ததா என்ற கேள்வியை மற்றவர்கள் எழுப்பினார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இவ்வளவு சந்தேகப்படுகிறவர் இரண்டாவது பாதியைத் தானே கேட்டுவிடுவார்.

ஒரு விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள். எச்ஆர் தொழிலாளியின் பக்கமா, முதலாளியின் பக்கமா? சம்பளம் தருவது நிறுவனம். அதை மறைக்கும் பாடப்புத்தகம் உங்களை ஏமாற்றுகிறது. 1966-இல் ஆலன் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் இரண்டு பார்வைகளைப் பிரித்துக் காட்டினார். நிறுவனம் ஒரே குறிக்கோள் கொண்ட ஒரே அணி, சண்டை வந்தால் யாரோ கலகக்காரர் என்பது ஒன்று. அதில் வெவ்வேறு நலன்கள் கொண்ட தரப்புகள் உண்டு, மோதல் இயல்பு, அதைப் பேசித் தீர்க்க வழிகள் வேண்டும் என்பது மற்றது. என் ஓட்டு இரண்டாவதற்கு. மாணவர்கள் பலர் தொழில் உறவுகள் பாடத்தைப் பழைய காலத்து விஷயம் என்று தவிர்க்கிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-இலிருந்து இருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு 1948, சம மதிப்புள்ள வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் சம ஊதியத்துக்கு 1951, பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக 2019 என்று அதன் உடன்படிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இதில் எது பழையது? தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் வேலை பார்க்கப் போகும் நாட்டின் சட்டத்தை மூலத்திலேயே ஒருமுறையாவது படியுங்கள். நோட்ஸ் போதாது.

ஆண்டு மதிப்பீடு பற்றி ஒரே வரி: அடோபி 2012-இல் அப்ரைசல் முறையைக் கைவிட்டது, மைக்ரோசாஃப்ட் 2013-இல் ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறையை நிறுத்தியது. ஏன் என்று தேடிப் படித்தாலே ஒரு செமினாருக்குப் போதும்.

ப்ராஜெக்டுக்கு வருவோம். "ஊழியர் மனநிறைவு - ஓர் ஆய்வு" என்று நூறு படிவங்களை நிரப்பி வாங்கி, வட்டப்படம் போட்டு, 62 சதவீதம் பேர் திருப்தி என்று முடிக்கும் ப்ராஜெக்டைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்டர்வியூவில் அதைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. உங்கள் கல்லூரியிலேயே ஒரு மன்றத்துக்கோ விழாக் குழுவுக்கோ ஆள் எடுப்பார்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொறுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதிலிருந்து ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிலுக்கு 1, எதற்கு 3, எதற்கு 5 என்று முன்பே எழுதிவையுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பேசிக்கொள்ளாமல் கொடுக்க வேண்டும். இருவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டுகிறார்கள் என்று பாருங்கள். விழா முடிந்ததும் யார் உண்மையில் வேலை செய்தார்கள் என்று ஒப்பிடுங்கள். ஆட்கள் சிலர்தான் என்பதால் இது பெரிய ஆய்வாகாது, அதையும் அறிக்கையில் எழுதுங்கள். அந்த ஐந்து கேள்விகளை எழுத உட்காரும்போதே இந்தப் படிப்பு உங்களுக்குச் சரிவருமா என்று தெரிந்துவிடும். எரிச்சலாக இருந்தால் மார்க்கெட்டிங் பக்கம் போங்கள். பழகத் தெரிந்தவருக்கு அங்கே நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இன்டர்ன்ஷிப்பில் பெரும்பாலும் போன் போட்டு "நாளை இன்டர்வியூக்கு வருகிறீர்களா?" என்று கேட்கும் வேலையைத்தான் கொடுப்பார்கள். அதையும் செய்யுங்கள், முகம் சுளிக்காமல். கூடவே சம்பளப் பட்டியல் தயாராகும் நாட்களில் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். சம்பளத்திலிருந்து எதெல்லாம் பிடிக்கப்படுகிறது, ஒருவர் மாத நடுவில் விலகினால் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது எந்த வகுப்பிலும் அவ்வளவு தெளிவாகப் புரியாது. முதல் வேலையும் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருக்கும்: விண்ணப்பங்களைச் சலிப்பது, ஆஃபர் லெட்டர், சேர்க்கை ஆவணங்கள், சம்பளச் சந்தேகங்கள். பெரிய முடிவுகள் உங்கள் மேஜைக்கு வர நாளாகும்.

எம்பிஏ பற்றிச் சீனியர்கள் சொல்வது பாதி சரி. சில பெரிய நிறுவனங்கள் எச்ஆருக்கு முதுநிலைப் பட்டதாரிகளைத்தான் கல்லூரி வளாகத்திலேயே எடுக்கின்றன. ஆள்சேர்ப்பு, பே ரோல், எச்ஆர் செயல்பாடுகள் போன்ற தொடக்க நிலை வேலைகளுக்கு இளங்கலையே போதும். முதலில் இரண்டு ஆண்டு வேலை பாருங்கள், பிறகு எம்பிஏ என்பது என் யோசனை. ஒரு தடவையாவது ஒருவரை வேலையிலிருந்து அனுப்பும் அறையில் உட்கார்ந்தவருக்கு எம்பிஏ வகுப்பு வேறு மாதிரி கேட்கும். வீட்டுச் சூழலால் இடைவெளி விட முடியாது என்றால் நேராகவே போங்கள், குற்றமில்லை.

உங்கள் கல்லூரியில் ஒரு முதன்மைச் சிறப்புப் பாடத்தோடு இன்னொன்றைத் துணையாக எடுக்க அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் எச்ஆரும் ஃபைனான்ஸும் சேர்த்து எடுங்கள். பல நிறுவனங்களில் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று சம்பளம், அதைப் பேசத் தெரிந்த எச்ஆர்காரரைக் கூட்டத்தில் யாரும் ஓரம்கட்ட முடியாது. அனுமதி இல்லையென்றால் எலெக்டிவ் பட்டியலில் புள்ளியியல் அல்லது தரவுப் பகுப்பாய்வு என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், யாராவது நண்பரோடு சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். படிவம் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன் சந்தேகம் இருந்தால் திரும்பவும் எழுதுங்கள்.